கோடு எழுதத் தெரியும்... சட்டம் தெரியுமா? 2027-ல் வெளியே வரும் இன்ஜினீயரிங் பேட்ச்சுக்குக் காத்திருக்கும் இரண்டு சட்டங்கள்!

2023-ம் ஆண்டு கலந்தாய்வு முடிந்து இன்ஜினீயரிங் கல்லூரிக்குள் நுழைந்த மாணவர்களை எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த மாணவர்கள் நான்கு வருடம் முடித்துப் பட்டத்தோடு வெளியே வருவது 2027 கோடையில். இப்போதைய அறிவிக்கையின்படி, அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவதும் 2027 மே மாதம்தான். சட்டமும் அவர்களும் ஒரே பேட்ச்!

ஆனால் இந்த நான்கு வருடத்தில் இரண்டு பேரும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி. ஆப் செய்யத் தெரிகிறது, மாடல் ட்ரெயின் பண்ணத் தெரிகிறது. அந்த ஆப்பில் இருக்கும் கோடு யாருக்குச் சொந்தம், அந்த மாடலுக்குள் போட்ட போட்டோக்கள் யாருடையவை என்று கேட்டால் பலரிடமும் பதில் இல்லை. 'அதெல்லாம் லாயர் பாத்துப்பாங்க' என்பதுதான் வழக்கமான பதில்.

உண்மையில் லாயர் பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவுகளை கோடு எழுதுபவர் எடுத்து முடித்துவிடுகிறார். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்: காப்புரிமையா, பதிப்புரிமையா?

தமிழில் இந்த இரண்டு வார்த்தைகளும் அடிக்கடி இடம் மாறிவிடும். 'காப்பி' என்ற ஒலி இருப்பதாலோ என்னவோ, காப்பிரைட்டைப் பலர் காப்புரிமை என்றே எழுதிவிடுகிறார்கள். காப்புரிமை என்றால் பேடன்ட். ஒரு புதிய கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து கிடைப்பது. 20 ஆண்டுகள்தான் ஆயுள். பதிப்புரிமை என்றால் காப்பிரைட். இது கேட்டு வாங்குவது இல்லை. எழுதி முடித்த அந்த நொடியே வந்துவிடும். பதிவு செய்வது கட்டாயம் கிடையாது. எழுதியவரின் வாழ்நாள் முழுக்க, அவர் இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டுகள் இருக்கும்.

இன்ஜினீயரிங் மாணவருக்கு இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? இந்திய காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை அந்த நிரல் என்ற அளவிலேயே கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 'என் ஆப்புக்கு பேடன்ட் வாங்கிட்டா யாரும் காப்பி அடிக்க முடியாது' என்று நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. கோடுக்குச் சட்டம் தரும் முதல் பாதுகாப்பு பதிப்புரிமைதான்.

கோடு ஓர் 'இலக்கியம்'... நம்புவீர்களா?

தமிழ் டிபார்ட்மென்ட்காரர்கள் சந்தோஷப்படலாம். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள்தான் வைத்திருக்கிறது. நாவல், கவிதை இருக்கும் அதே வரிசையில்தான் நீங்கள் எழுதும் பைதான் ஃபைலும் இருக்கிறது. கணினித் தரவுத்தளங்களும் இதில் அடக்கம்.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. பதிப்புரிமை பாதுகாப்பது வெளிப்பாட்டை, கருத்தை அல்ல. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அது ஒரு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடந்த சண்டை. ஆனாலும் அந்தத் தத்துவம் கோடுக்கும் பொருந்தும். 'உணவு டெலிவரி ஆப்' என்ற ஐடியா யாருக்கும் சொந்தமில்லை. ஒரு சார்ட்டிங் முறையை நீங்கள் புரிந்துகொண்டு சொந்தமாக எழுதலாம். ஆனால் இன்னொருவர் எழுதிய 400 வரியை அப்படியே எடுத்து, வேரியபிள் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் அது வேறு கதை.

'கிட்ஹப்புல ஓப்பனாதானே இருக்கு... எடுத்துக்கலாம்ல?'

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கும் பயன்படுத்த அனுமதி இருக்கிறது என்பதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. ஒரு ரெப்போவில் லைசென்ஸ் ஃபைலே இல்லை என்றால், 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம்' என்று அர்த்தம் ஆகாது. நேர் எதிராக, எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது என்றுதான் அர்த்தம். கிட்ஹப்பின் விதிமுறைப்படி அந்தத் தளத்துக்குள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம். எடுத்துப் போய் உங்கள் ப்ராடக்டில் சேர்க்கும் உரிமை அதில் வராது.

லைசென்ஸ் இருந்தால்? அதைப் படிக்க வேண்டும். எம்.ஐ.டி லைசென்ஸ் என்றால் தாராளம். எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். ஜி.பி.எல் என்றால் நிபந்தனை கூடுதல். அந்த கோடைச் சேர்த்துச் செய்த மென்பொருளை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது, மூல நிரலையும் அதே லைசென்ஸில் கொடுக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கிடைக்கும் பதில்களுக்கும் லைசென்ஸ் உண்டு. எடுத்தது எங்கிருந்து என்று சொல்ல வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

'இதையெல்லாம் யார் கண்டுபிடிக்கப்போறாங்க?' என்று தோன்றலாம். லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு வைஃபை ரவுட்டர் கதையைக் கேளுங்கள். அதன் உள்ளே ஓடிய மென்பொருளில் ஜி.பி.எல் லைசென்ஸ் கொண்ட லினக்ஸ் கோடு இருப்பதை 2003-ல் வெளியாட்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நிறுவனத்தை அப்போதுதான் சிஸ்கோ வாங்கியிருந்தது. அழுத்தம் கூடியதால் மூல நிரலை வெளியிட வேண்டிவந்தது. அதிலிருந்து முளைத்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஓப்பன்-டபிள்யூஆர்டி. விவகாரம் அதோடு முடியவில்லை. லிங்க்சிஸ் தயாரிப்புகள் தொடர்பாக 2008 டிசம்பரில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அமெரிக்காவில் சிஸ்கோ மீது வழக்கு போட்டது. 2009-ல் சமரசம் ஆனது. லைசென்ஸ் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க ஓர் அதிகாரியை நியமிக்கவும் சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கும்போது, உள்ளே இருக்கும் கோடின் லைசென்ஸும் சேர்ந்தே வருகிறது. நாளை நீங்கள் தொடங்கும் ஸ்டார்ட்-அப்பை ஒருவர் வாங்க வந்தால் கேட்கப்போகும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் யாருக்குச் சொந்தம்?

மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வது இதுதான்: பொதுவாக, படைத்தவரே முதல் உரிமையாளர். ஒருவரிடம் வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியது என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிதான் உரிமையாளர்.

மாணவர் கல்லூரியின் ஊழியர் இல்லை. அதனால் வேறு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதவரை, எழுதிய கோடு எழுதியவர்களுக்கே. நான்கு பேர் சேர்ந்து எழுதினால் உரிமையும் நான்கு பேருக்கு. ஒருவர் மட்டும் தன் பெயரில் விற்க முடியாது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் எதிலும்' என்ற அந்த மூன்று வார்த்தைகள்தான் முக்கியம். சில கல்லூரிகளில் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை என்று தனி ஆவணம் இருக்கும். இன்டர்ன்ஷிப் போகும் கம்பெனியில் ஆஃபர் லெட்டரோடு ஒரு ஒப்பந்தம் நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அங்கே எழுதிய கோடு மட்டுமில்லாமல் வேறு எதுவும் அதில் சேர்கிறதா என்று பிறகுதான் தெரியவரும்.

காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்குவது? மதிப்பெண், நேர்மை ஆகிய கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டப்படியும் 'காசு கொடுத்துட்டேன், அதனால என்னுது' என்ற வாதம் செல்லாது. 19-வது பிரிவின்படி பதிப்புரிமையைக் கைமாற்ற வேண்டும் என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தாலும், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுதான். ஆக, கையில் இருப்பது பென் டிரைவ் மட்டுமே. உரிமை இன்னொருவரிடம்.

ஜெராக்ஸ் ஓகே... கிராக் சாஃப்ட்வேர்?

பதிப்புரிமை என்றாலே 'எதையும் தொடக்கூடாது' என்று பயமுறுத்துவதும் தவறு. மாணவர்களுக்கு இந்தச் சட்டம் கொடுக்கும் இடம் கணிசமானது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடை மீது 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்கு தொடர்ந்தன. பாடத்துக்குத் தேவையான பக்கங்களை நகல் எடுத்து, தொகுப்பாக விற்கிறார்கள் என்பது புகார். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகல் எடுக்கலாம் என்று 52-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. அதை வகுப்பறையின் நான்கு சுவருக்குள் சுருக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும், கற்பித்தல் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே அளவுகோல் என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

அதே 52-வது பிரிவு கோடுக்கும் சில கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறது. முறையாக வாங்கிய மென்பொருளுக்கு பேக்கப் எடுக்கலாம். அது எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து, சோதித்துப் பார்க்கலாம். வேறொரு மென்பொருளோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை, வேறு வழியில் கிடைக்காதபோது, தேடி எடுக்கலாம். பாதுகாப்பு ஆராய்ச்சி செய்ய நினைக்கும் மாணவருக்கு இதெல்லாம் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். ஆனால் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

கதவு மூடியிருக்கும் இடமும் தெரிய வேண்டும். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக இல்லை என்றால், நீதிமன்றம் சிறப்புக் காரணங்களைப் பதிவுசெய்து சிறையைத் தவிர்த்து, 50,000 வரை அபராதத்தோடு விடலாம். 'எல்லார் லேப்டாப்லயும் கிராக்தான் இருக்கு' என்பது நீதிமன்றத்தில் பதில் ஆகாது.

அதற்காக விலை உயர்ந்த மென்பொருளை வாங்க முடியாத மாணவர் என்ன செய்வது? இதுவும் நியாயமான கேள்விதான். ஐ.ஐ.டி பாம்பேயின் ஃபாஸீ திட்டம் சைலேப், இ-சிம் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுட்டோரியல் தமிழிலும் கிடைக்கிறது. திருடாதே என்று சொல்வதோடு மாற்று எங்கே கிடைக்கும் என்று காட்டுவதும் பாடத்தின் பகுதிதான்.

இப்போது இரண்டாவது சட்டம்: ஃபேஸ் அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட்டில் என்ன பிரச்னை?

இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஃபேவரைட் ப்ராஜெக்ட்களில் ஒன்று, முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் சிஸ்டம். கேமரா வைப்பார்கள், வகுப்பில் இருக்கும் எல்லோருடைய போட்டோவையும் ஒரு ஃபோல்டரில் போடுவார்கள், ஃபைல் பெயர் ரிஜிஸ்டர் நம்பராக இருக்கும். ப்ராஜெக்ட் முடிந்ததும் மொத்தமும் கிட்ஹப்புக்குப் போகும். ரெஸ்யூமேயில் லிங்க் போட வேண்டுமே!

அந்த ஃபோல்டரில் இருப்பது அறுபது பேரின் தனிநபர் தரவு. யாரைப் பற்றியது என்று அடையாளம் காண முடிந்தால், அது தனிநபர் தரவு என்பதே சட்டத்தின் வரையறை. பெயர் தேவையில்லை, ரிஜிஸ்டர் நம்பரே போதும்.

இது கற்பனைக் கவலை இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2014-ல், வளாகத்தில் 8 கேமரா வைத்து, நடந்துபோன 2,000-க்கும் மேற்பட்டவர்களைப் படமெடுத்து, ஆராய்ச்சிக்கான டேட்டாசெட்டாக இணையத்தில் வைத்தார்கள். மனிதர்களைப் பின்தொடர்ந்து அடையாளம் காணும் ஆய்வுகளில் அது உலகம் முழுக்கப் பயன்பட்டது. 2019-ல் விவகாரம் செய்தியானதும் நீக்கினார்கள். அதற்குள் எத்தனை நகல்கள் எங்கெங்கே போயிருக்கும்? அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட்டும் சுமார் ஒரு லட்சம் பேரின் ஒரு கோடி படங்கள் கொண்ட முக டேட்டாசெட்டை விலக்கிக்கொண்டது. கோடில் தவறு இருந்தால் திருத்திவிடலாம். வெளியே போன முகத்தைத் திரும்ப வாங்க முடியாது. பாஸ்வேர்டு போல மாற்றவும் முடியாது.

'நாங்க படிப்புக்குத்தானே பண்றோம்?'

நல்ல கேள்வி. தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. ஆராய்ச்சி, புள்ளிவிவர நோக்கங்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் 17-வது பிரிவில் இருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள்: அந்தத் தரவை வைத்து, குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. விதிகள் சொல்லும் தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும்.

இப்போது வருகைப் பதிவுக்கு வாருங்கள். 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லை என்றால் தேர்வு எழுத முடியுமா, முடியாதா என்பது ஒரு குறிப்பிட்ட மாணவரைப் பற்றிய முடிவுதான். டெமோவாக லேபில் ஓடும் வரை ஆராய்ச்சி என்று சொல்லலாம். ஹெச்.ஓ.டி-க்குப் பிடித்துப்போய் 'நம்ம டிபார்ட்மென்ட்லயே போட்டுடலாம்' என்று சொன்ன நிமிடத்தில் அந்த விலக்கு கழன்றுவிடும். கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. சட்ட நிலை முழுதாக மாறிவிட்டது.

இன்னொரு கொக்கி இருக்கிறது. இந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைதான். பிளஸ் டூ முடித்து நேராக வரும் முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு வயது 17! குழந்தைகளின் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய வகையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்; அவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. கல்வி நிறுவனங்களுக்கு, கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பதில் விதிகள் விலக்கு தருகின்றன. கல்லூரிக்கு உள்ள அந்த விலக்கு, ஜூனியர்களை வைத்து நீங்கள் சொந்தமாக லான்ச் செய்யும் ஆப்புக்கு வராது.

சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒரு டிசைன் முடிவு... எப்படி?

டேட்டாபேஸ் டேபிள் வரையும்போதே, எஞ்சினீயர் இந்தச் சட்டத்தைப் பின்பற்றுகிறாரா மீறுகிறாரா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. சில உதாரணங்கள்:

* சட்டம்: ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அதே அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். கோடில்: 'சம்மதம்' பட்டன் முதல் திரையில், 'விலகுகிறேன்' பட்டன் ஏழு மெனு தாண்டி என்று வைக்கக் கூடாது. யார், எப்போது, எதற்கு ஒப்புக்கொண்டார் என்று சேமிக்க டேபிளில் இடம் வேண்டும்.

* சட்டம்: தேவைக்கு மேல் கேட்டு வாங்கிய ஒப்புதல் செல்லாது. கோடில்: சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஆன்லைனில் மருத்துவம் பார்க்கும் ஆப், போனில் இருக்கும் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்கிறது, பயனாளரும் 'ஓகே' அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ சேவைக்குக் கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை என்பதால் அந்த 'ஓகே' அதற்குப் பொருந்தாது. எல்லா பெர்மிஷனையும் மொத்தமாகக் கேட்டுவைக்கும் பழக்கத்துக்கு இது நேரடி பதில்.

* சட்டம்: நோக்கம் முடிந்ததும், அல்லது ஒப்புதல் விலக்கப்பட்டதும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை தரவை அழிக்க வேண்டும். கோடில்: 'டெலிடட்' என்ற காலத்தில் 1 என்று போட்டுவிட்டால் அழித்ததாக ஆகாது. பேக்கப்பில் இருப்பதை எப்படி அழிப்பீர்கள் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும்.

* சட்டம்: தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், விரிவான விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். கோடில்: யார் எப்போது எதைத் திறந்தார் என்று லாக் இல்லை என்றால் 72 நாள் கொடுத்தாலும் சொல்ல முடியாது. லாக்-களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2025 விதிகள்.

* சட்டம்: ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்பு தர வேண்டும். கோடில்: ஆப்பில் தமிழ் இனி வெறும் 'கூடுதல் வசதி' இல்லை. அந்த அறிவிப்பைப் புரிகிற தமிழில் எழுத ஆளும் வேண்டும்!

பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டைவிட்டு தரவு கசிந்தால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். கசிந்ததைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை. இந்த அபராதம் நிறுவனத்துக்குத்தான், கோடு எழுதிய தனிநபருக்கு இல்லை. ஆனால் அந்த நிறுவனம் அடுத்து யாரை வேலைக்கு எடுக்கும், யாரைக் கேள்வி கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏ.ஐ எழுதிக் கொடுத்த கோடு?

இப்போது பாதி கோடை ஏ.ஐ-தான் எழுதுகிறது. இதில் இந்தியச் சட்டம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. 1994 திருத்தம், கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. ஆனால் அது இன்றைய ஏ.ஐ-யை மனதில் வைத்து எழுதியது இல்லை. ஏ.ஐ-க்குப் பயிற்சி கொடுக்க அடுத்தவர் எழுத்தைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியோடு ஏ.என்.ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடர்ந்தது. மாணவருக்கு இப்போதைக்கு நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: ஏ.ஐ கொடுத்த கோடு எங்கே இருக்கிறது என்று குறித்து வையுங்கள். கல்லூரி, கம்பெனி கொள்கையைப் பாருங்கள். நண்பர்களின் டேட்டாவை அப்படியே சாட்பாட்டில் பேஸ்ட் செய்யாதீர்கள்.

கல்லூரிகளில் இப்போது என்ன நடக்கிறது?

பாடத்திட்டத்தில் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிவுசார் சொத்துரிமை பல இடங்களில் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஐ.ஐ.டி கரக்பூரில் 2006 முதல் தனிச் சட்டப் பள்ளியே இயங்குகிறது. என்பிடெல் தளத்தில் எஞ்சினீயர்களுக்கான காப்புரிமைச் சட்டப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. என்பிஏ அங்கீகாரத்துக்காகக் கல்லூரிகள் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் 'புரோகிராம் அவுட்கம்' பட்டியலில் ஆறாவதைப் படித்துப் பாருங்கள். சட்டம் சார்ந்த பொறுப்புகளை மாணவர் எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அது மேப்பிங் டேபிளில் 1, 2, 3 என்று எண் போடுவதோடு நின்றுவிடுகிறது. விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கும் 'பதிப்புரிமை வரையறு' 2 மார்க், 'வகைகளை விவரி' 13 மார்க். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். அதே மாணவர் அதே வாரத்தில், லைசென்ஸ் இல்லாத ரெப்போவை எடுத்து ப்ராஜெக்ட்டில் ஒட்டிக்கொண்டிருப்பார். இரண்டையும் இணைக்க இடையில் யாரும் இல்லை.

என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு பேப்பர் சேர்ப்பதைவிட எளிய வழி இருக்கிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எப்படியும் ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ என்று நடக்கிறது. அங்கேயே இரண்டு தாள்களைக் கட்டாயமாக்கலாம். ஒன்று, பயன்படுத்திய ஒவ்வொரு லைப்ரரியின் பெயரும் லைசென்ஸும். இரண்டு, எந்தத் தனிநபர் தரவு, யாரிடமிருந்து, எதற்காக, எத்தனை நாளுக்கு என்ற பட்டியல். டி.பி.எம்.எஸ் லேபில் டேபிள் வரையும்போதே ஒப்புதலுக்கும் அழிப்புக்கும் இடம் வைக்கச் சொல்லலாம். பக்கத்து ஊர் சட்டக் கல்லூரி மாணவர்களை ரிவ்யூவுக்கு அழைக்கலாம். அவர்களுக்கும் டெக்னாலஜி புரியும்.

இதற்கு எதிர்ப்பும் வரும். 'ஏற்கெனவே சிலபஸ் தலைக்கு மேல போகுது', 'சட்டம் தெரிந்த ஆசிரியர் எங்கே?' என்பவை உண்மையான சிரமங்கள். ஆசிரியருக்கே பயிற்சி கொடுக்காமல் ரிவ்யூவில் இரண்டு தாள் சேர்த்தால், அதுவும் இன்னொரு சடங்காகிவிடும். அதனால் முதலில் பயிற்சி தேவைப்படுவது ப்ராஜெக்ட் கைடுகளுக்குத்தான்.

சட்டத்தை வேதமாகவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பெரிய விலக்கு கொடுக்கிறது என்ற விமர்சனம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை இந்தச் சட்டம் திருத்தியதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. வசூலாகும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். தரவை இழந்தவருக்கு அதில் பங்கில்லை. வகுப்பில் விவாதிக்க வேண்டிய விஷயங்கள் இவை. 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதிலிருந்துதான் இந்தச் சட்டத்தின் கதை வேகம் எடுத்தது. அந்த உரிமை ஏன் என்று புரிந்தவருக்கு, சட்டம் நாளை திருத்தப்பட்டாலும் வழி தெரியும்.

ப்ராஜெக்ட் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி... 7 கேள்விகள்!

1. இதில் நான் எழுதாத கோடு எது? அதன் லைசென்ஸ் என்ன?
2. டீமில் உள்ள எல்லோரும் உரிமை பற்றி எழுத்தில் பேசிக்கொண்டோமா?
3. கல்லூரி அல்லது இன்டர்ன்ஷிப் ஒப்பந்தம் இந்தக் கோடைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?
4. டேட்டாசெட்டை எங்கிருந்து எடுத்தேன்? அதன் அனுமதி எதற்கு மட்டும்?
5. யாருடைய முகம், குரல், எண், இருப்பிடம் இதில் இருக்கிறது? அவர்களுக்குத் தெரியுமா?
6. அவர்களில் 18 வயது நிறையாதவர் இருக்கிறார்களா?
7. ஒருவர் 'என் தரவை எடுத்துடுங்க' என்று சொன்னால், இன்றைக்கே எடுக்க முடியுமா?

ஏழாவது கேள்விக்கு 'முடியாது' என்பது பதிலானால், கிட்ஹப்பில் அப்லோடு செய்வதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு நாள் வேலையை 2027 மே மாதத்துக்குப் பிறகு உங்கள் கம்பெனி எப்படியும் கேட்கத்தான் போகிறது.